இடது கை மவுஸும் சாவிப் பலகையும்

போன வாரம் ஒரு காலை. இடியப்பத்தில் சொதியை ஊற்றிய நேரம் பார்த்து தினேஷ் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்து அலுவலகங்களுக்குப் போய்க் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார், அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"அண்ணே, லிந்துலைக்கு மேல இருக்கே அந்தத் தோட்டம், அங்க புது கம்பியூட்டர் வந்திருக்கு. பழசுல இருக்கிற யூசர் எல்லாத்தையும் இதுக்கு மாத்திக்கிட்டிருக்கேன். இதுல ஸ்டெல்லான்னு ஒருத்தவங்க. அவங்க மவுஸ் செட்டிங் எல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. பட்டன் இடம் வலமா மாறிக் கெடக்கு. அம்புக்குறி ஆனை மாதிரி பெருசா இருக்கு. ரெண்டு தடவ அழுத்துறதுக்கு நடுவுல போய் டீ குடிச்சிட்டு வரலாம். எல்லாத்தையும் அழிச்சிட்டு மத்தவங்களுக்குப் போட்ட மாதிரியே போட்டுரவா?"

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றேன். சொதியை மறந்துவிட்டேன்.

"தொடவே விட மாட்டேங்கறாங்க அண்ணே. பாஸ்வேர்ட் கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

கணினி நிர்வாகிக்குள்ள அதிகாரத்தால் தினேஷ் கேட்காமலே அதைத் திறந்திருக்கலாம். கேட்டுச் செய்ய நினைத்தாரே, அதற்காக அவரை மன்னித்தேன். "அந்த மவுஸுக்குப் பின்னால ஒரு கத இருக்கு, கேட்டுட்டு அப்பறமா முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். இடியப்பம் காய்ந்துபோனது. போனில் சொன்னதைத்தான் இப்போது கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

என் படிப்புக் கதையை நீட்டப் போவதில்லை. தலவாக்கலையில் பள்ளிக்கூடம். ஹட்டனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் கணினி வகுப்பு. வகுப்புக்கே ஒரு கணினிதான், அதனால் நான் கற்றதில் பாதி முன்னால் உட்கார்ந்திருந்தவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கற்றது. பிறகு தோட்டக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை என்று வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்ததிலேயே என் உத்தியோக காலத்தில் பாதி கழிந்தது.

பொகவந்தலாவையில் ஓர் அலுவலகத்திலிருந்து, மவுஸ் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மேசைமேல் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் முருகனும் மாதாவும் கிளாக்கரின் பிள்ளைகளும் வரிசையாக இருந்தார்கள். அடியில் வெளிச்சம் எரியும் அந்த வகை மவுஸ் கண்ணாடிமேல் ஒழுங்காக ஓடாது. அடியில் ஒரு தாளைப் போடுங்கள் என்றேன். கிளாக்கர் பழைய கலண்டரைக் கிழித்தார், பார்த்தால் அதிலும் சாமி படம். சாமிமேல் மவுஸை ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் பிஸ்கட் பெட்டியின் மட்டை ஒன்றை வெட்டிப் போட்டோம். கம்பனி வாங்கிக் கொடுத்த மவுஸ்களைவிட அந்த மட்டை அதிக காலம் உழைத்தது.

காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் எங்களிடம் வந்தது கொள்கையால் அல்ல, கஞ்சத்தனத்தால். பழைய கணினிகளுக்குப் புது விண்டோஸைத் தாங்கும் தெம்பில்லை. புதுக் கணினி வாங்க மேலிடத்துக்கு மனமில்லை. "எதையாவது போட்டு ஓட்டுங்க செல்வம்" என்றார்கள். லினக்ஸைப் போட்டேன். கிழட்டுக் கணினிகள் எழுந்து நடமாடத் தொடங்கின. தோட்டம் தோட்டமாகப் போய் அதை ஏற்றிவிட்டு, ஆட்களுக்குப் பழக்கிவிட்டு வருவேன். அப்படித்தான் லிந்துலைக்கு மேலேயிருந்த அந்தத் தோட்டத்தில் ஒரு மாதம் முழுக்கத் தங்க வேண்டி வந்தது.

அங்கே அலுவலக எழுத்தர்களுக்குத் தலைவர், பெரிய கிளாக்கர் சந்தானம் ஐயா. நெடிய மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்கே அலுவலகம் நடுங்கும். கணினியில் அவர் கை வைத்தும் நான் பார்த்ததில்லை. யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டு, "அதத் தொற. அதில்ல, அதுக்குக் கீழ. ஆங், அத அழுத்து" என்பார். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணிகள். ஸ்டோர், உரக் களஞ்சியம், கொழுந்து நிறுக்கும் மடுவம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா என்று தோட்டத்திலுள்ள பூட்டுகளின் சாவி அத்தனையும் மாலையில் அங்கே வந்து தொங்கிவிட வேண்டும். ஒவ்வொரு சாவியிலும் பெயர் எழுதிய மரத்துண்டு ஒன்று கட்டியிருக்கும். வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்.

"பூட்டு யாருதா வேணா இருக்கட்டும் செல்வம். சாவி ஆபிசுலதான் இருக்கணும்" என்பார்.

கணினியும் அதே சட்டப்படிதான் நடந்தது. எல்லாருக்கும் ஒரே கணக்கு. அதன் பெயர் ஆபிஸ். கடவுச்சொல்லும் ஆபிஸ்தான். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், எதையும் திறக்கலாம்.

அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்தவர்தான் ஸ்டெல்லா. புதிதாக என்றால் அலுவலகத்துக்கு. மலையில் பல வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு மழை நாளில் கொழுந்துப் பையோடு வடிகால் கானுக்குள் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. ஒற்றைக் கையால் கொழுந்து எடுக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவர் என்பதால், மடுவத்தில் நிறுக்கிற கொழுந்தின் எடையைக் கணினியில் ஏற்றும் வேலையைத் துரை, அதாவது தோட்டத்து மேலாளர், கொடுத்துப் பார்த்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார், நியாயமான மனிதர்தான்.

"இந்த மாசக் கணக்கு முடியட்டும். பிழையில்லாம முடிச்சா ஸ்டெல்லா இங்கயே இருக்கட்டும். பிழை வந்தா டவுன்ல இருந்து ஆள் எடுப்போம்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லாவுக்கு இது வேலை மட்டுமல்ல. கணவர் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார், மகள் படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யவில்லை என்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. வேலை போனால் வீடு. வீடு போனால் மகளின் படிப்பு. முதல் நாளே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்தக் கையால புடிக்கிறது அண்ணே?"

"எந்தக் கைக்கு வசதியோ அதால புடிங்கம்மா."

இடது கையால் பிடித்தார். அதில்தான் வம்பு. இடது கையை மவுஸ்மேல் வைத்தால் ஆள்காட்டி விரல் வலது பட்டனில் போய் விழும். கோப்பைத் திறக்க வேண்டும் என்று அழுத்தினால், வேறு என்னென்ன செய்யலாம் என்று கணினி ஒரு பட்டியலை நீட்டும். பாவம், ஒவ்வொரு தடவையும் "ஐயோ மாதாவே" என்று கையை எடுத்துவிடுவார். மவுஸ் அமைப்பைத் திறந்து, இடது கைக்காரருக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டன்கள் இடம் மாறின. மத்தியானமே பாதி எடைகளை ஏற்றிவிட்டார். நான் சந்தோஷமாக விடுதிக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரே களேபரம். எல்லாருக்கும் ஒரே கணக்கு அல்லவா, ஸ்டெல்லாவுக்காக மாற்றியது எல்லாருக்கும் மாறியிருந்தது. ஸ்டோர்கீப்பர் ஜோசப் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார், சந்தானம் ஐயா பின்னால் நின்றார்.

"நீ என்னத்த அழுத்துற?"

"நீங்க சொன்னதத்தான் ஐயா அழுத்துறேன்."

"நான் தொறக்கச் சொன்னா இது எதுக்குப் பட்டியல் நீட்டுது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "ஒரு ஆபிசுக்கு ஒரு மவுஸ். எல்லாரும் சோத்துக் கையால புடிங்க."

வாசலில் நின்ற ஸ்டெல்லா தன் வலது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையால சோறே திங்க முடியல ஐயா."

 சந்தானம் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "செல்வம், ஏதாச்சும் வழி இருக்கா?"

இருந்தது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுத்தால், பட்டனின் வரிசை, அம்புக்குறியின் அளவு, மவுஸின் வேகம் எல்லாம் அந்த ஆளோடு போய்விடும். கணினி ஒன்றுதான், மவுஸும் ஒன்றுதான். யார் உள்ளே வருகிறாரோ அவருடைய கைக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ளும்.

அன்றே ஆரம்பித்தேன். தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஆட்களைப் பதிவு எண்ணால் சொல்வதுதான் வழக்கம். நானும் அந்தப் பழக்கத்தில் ஸ்டெல்லாவின் எண்ணை அடித்துப் புதுக் கணக்கு தொடங்கப் பார்த்தேன். கணினி மறுத்துவிட்டது. பயனர் பெயர் எழுத்தில் தொடங்க வேண்டுமாம்.

"என்னவாம்?" என்றார் சந்தானம் ஐயா பின்னாலிருந்து.

"நம்பர் மட்டும் பத்தாதாம் ஐயா. பேரு வேணுமாம்."

"பரவால்லயே. நம்மள விட இதுக்கு மரியாத தெரிஞ்சிருக்கு."

அவர் நகைச்சுவை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் ஜோசப்பைப் பார்த்தோம்.

கணக்குகள் தயாரானதும் அவரவர் கடவுச்சொல்லை அவரவரே போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழுந்தபோது சந்தானம் ஐயா மேசை லாச்சியைத் திறந்து ஒரு கைப்பிடி மரத்துண்டுகளை எடுத்து வைத்தார். புதிதாக நூல் கோத்தவை.

"இதுல ஆளாளுக்கு அவங்க பாஸ்வேர்ட எழுதுங்க. சாயங்காலம் பலகையில மாட்டணும்."

நான் குறுக்கே வந்தேன். "ஐயா, பாஸ்வேர்ட் சாவி மாதிரி இல்லங்க. பல்லு வெளக்குற பிரஷ் மாதிரி. ஒருத்தரோடத இன்னொருத்தர் தொடக்கூடாது."

"ஒருத்தரோட பிரஷ் காணாமப் போனா அவரு பல்லு மட்டுந்தான் அழுக்காகும் செல்வம். ஸ்டெல்லா பாஸ்வேர்ட மறந்துட்டு லீவுல போனா எத்தன பேரு சம்பளம் நிக்கும்?"

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேள்வி நியாயமானது. நான் பதிலை யோசிப்பதற்குள் மரத்துண்டுகள் ஆணியில் ஏறிவிட்டன. மடுவத்துச் சாவிக்குப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் கடவுச்சொல் தொங்கியது. எத்தனையோ அலுவலகம் பார்த்திருக்கிறேன், கடவுச்சொற்களை ஆணியில் மாட்டிய அலுவலகம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் சந்தானம் ஐயாவுக்கு நான் ஒரு பெரிய அவமானத்தை ஏற்படுத்தினேன், வேண்டுமென்று இல்லை. ஸ்டெல்லா ஏற்றிய எடைகளைப் பார்க்க வேண்டும் என்று தன் கணக்கில் நுழைந்து, ஜோசப்பை விட்டு அழுத்தச் சொன்னார். அனுமதி இல்லை என்று திரையில் வந்தது.

"யாருக்கு அனுமதி இல்லயாம்?"

ஜோசப் திரையை இன்னொரு தடவை படித்தார். "உங்களுக்குத்தான் ஐயா."

"எனக்கா?" பிறகு அலுவலகம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எனக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் அவசர அவசரமாக எல்லாரையும் ஒரு குழுவில் சேர்த்து, குழுவுக்குப் பொதுவாக மடுவம் என்ற பெயரில் ஒரு கோப்புறை போட்டு, எடைகளை அங்கே மாற்றினேன். அதன் பிறகே காலைத் தேநீர் எல்லாருக்கும் தொண்டையில் இறங்கியது.

ஸ்டெல்லாவின் தொல்லை அதோடு முடியவில்லை. பட்டன்கள் சரியாகிவிட்டன, ஆனாலும் கோப்புகள் திறக்கவில்லை. இரண்டு தடவை அழுத்துவார். திறக்க வேண்டிய கோப்பு பக்கத்தில் நகர்ந்து நிற்கும். சில நேரம் பக்கத்திலிருக்கும் கோப்புறைக்குள் விழுந்துவிடும், தேடி எடுக்க வேண்டும். மெதுவாக அழுத்துங்கள் என்றேன். மெதுவாக அழுத்தினார், மெதுவாக நகர்ந்தது. இரண்டு அழுத்தலுக்கு இடையிலுள்ள நேரத்தைக் கூட்டிவைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மவுஸைக் குறை சொல்லி வேறு மவுஸ் வைத்தேன். அதுவும் அப்படியே.

பொறுமை போய்விட்டது எனக்கு. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவருடைய கையை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. விரல் பட்டனில் பட்டதும் கை ஒரு சின்ன வெட்டு வெட்டி மேலே எழும்புகிறது. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே அசைவு. வெளியே மலைச்சரிவைப் பார்த்தேன். அங்கே வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் அதே வெட்டைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டெல்லாம்மா, நீங்க மவுஸ அழுத்தல. கொழுந்து எடுக்கிறீங்க."

அவர் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், ஸ்டோர்வரை கேட்டிருக்கும். "வேற என்ன அண்ணே செய்யும் இந்தக் கை? புடிச்சா இழுக்கத்தான் செய்யும்."

கையை மாற்ற முடியாது, கணினியை மாற்றலாம். மவுஸ் அமைப்பில் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இழுப்பதற்கான எல்லை என்று ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தியபடி எவ்வளவு தூரம் நகர்ந்தால் இவர் ஒன்றை இழுக்கிறார் என்று கணினி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே சொல்லலாம். வழக்கமாக அது மிகவும் சிறிய தூரம். அதை நன்றாகக் கூட்டினேன். இரண்டு அழுத்தலுக்கு நடுவில் கை எவ்வளவு விலகலாம் என்பதையும் கூட்டினேன். மவுஸின் வேகத்தைக் குறைத்து, அம்புக்குறியைப் பெரிதாக்கினேன். ஸ்டெல்லா தன் வழக்கப்படி ஒரு வெட்டு வெட்டினார். கோப்பு அசையாமல் நின்று திறந்தது.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ பெரிய பழுதுகளைச் சரி செய்திருக்கிறேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் எதிலும் வரவில்லை.

அதன் பிறகு ஸ்டெல்லா பிழையில்லாமல் வேலை செய்தார். வேலை முடிந்ததும் மவுஸை விசைப்பலகையின் இடப்பக்கம் வைத்து, அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போவார். மாதம் முடியும் நாளும் வந்தது.

அன்று காலை மடுவம் கோப்புறையைக் காணவில்லை. மாதத்தின் எடை முழுவதும் அதில்தான். துரை வந்து நின்றார். ஸ்டெல்லா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பதறாமல் இருப்பதுபோல் நடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தேடினேன். ஸ்டெல்லாவின் கணக்கில், குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது. ஒரே அழுத்தலில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, ஓர் எடைகூடக் கெடவில்லை. ஆனால் எங்கே கிடந்தது என்பதைத் துரையும் பார்த்துவிட்டார்.

"ஸ்டெல்லா கணக்குலயா?" என்றார். "பிழை வந்தா ஆள மாத்தணும்னு சொன்னேன்தானே. நாளைக்கு இது கெடைக்காமப் போனா?"

"தொர, நேத்து காலைல எடை எல்லாம் போட்டுட்டுத்தான் போனேன். மத்தியானம் நான் இங்க இல்ல. கைக்கு மருந்து எடுக்க நுவரெலியா கிளினிக் போனேன். சத்தியமா நான் செய்யல."

"அப்ப யாரு செஞ்சது?"

எல்லாருடைய கண்ணும் சுவர்ப் பலகைக்குப் போனது. அங்கே ஸ்டெல்லாவின் மரத்துண்டு ஊருக்கே தெரிகிற மாதிரி தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அதனால் யாரையும் சொல்ல முடியாது. கணக்கில் இருப்பது ஸ்டெல்லாவின் பெயர், குற்றம் அங்கேதான் போய் நிற்கும்.

நான் மேசையைப் பார்த்தேன். மவுஸ் வலப்பக்கம் இருந்தது. கைக்குட்டை கீழே விழுந்து கிடந்தது. விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. இடது கைக்கு மாற்றிய கணக்கில் ஒருவர் வலது கையால் பழக்க தோஷத்தில் அழுத்தினால் பட்டியல்தான் வரும். அதில் இன்னொரு தடவை தவறாக அழுத்தினால் குப்பைக்கு அனுப்பு என்பதில் விழும். இது சோற்றுக் கைக்காரர் செய்த வேலை. சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் சந்தானம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் தொர."

துரைக்கே அது காதில் விழவில்லை போலிருந்தது. "என்ன?"

"எனக்குக் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கல். என் கணக்குல அந்த அம்புக்குறி எங்க இருக்குன்னே தெரியறதில்ல. ஸ்டெல்லாவோடது பெருசா இருக்கு, மெதுவாப் போகுது. யாரும் இல்லாத நேரம் அதுல உக்காந்து பழகுவேன். எந்த வெரலால அழுத்தணும்னு ஞாபகம் வச்சித்தான் செய்வேன். நேத்து மறந்துட்டேன். பட்டியல் வந்திச்சி, எதையோ அழுத்திட்டேன். கெட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியல."

"கண்ணு தெரியலன்னு ஏன் முன்னாலயே சொல்லல சந்தானம்?"

"பெரிய கிளாக்கருக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னா அடுத்த கிளாக்கரத்தானே தேடுவீங்க."

இந்த மனிதர் பின்னால் நின்றுகொண்டு அழுத்து அழுத்து என்று ஏவியதை இத்தனை நாளும் நான் பெருமை என்று நினைத்திருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஸ்டெல்லாவுக்கு வீடு போயிருக்கும். அவர் அந்த இடத்தில் அதைச் சொன்னதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

துரை தலையாட்டினார். "ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. "நீங்க மொதல்ல கண்ண காட்டுங்க. ஸ்டெல்லா இங்கயே இருக்கட்டும்." போய்விட்டார்.

ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தானம் ஐயா பலகையிடம் போய், கடவுச்சொல் எழுதிய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவரவர் கையில் கொடுத்தார். சாவிகள் மட்டும் மிஞ்சின. ஸ்டெல்லாவிடம் கொடுக்கும்போது, "இத அடுப்புல போடு. உக்காந்து புதுசா ஒண்ணு போடு. யாருக்கும் சொல்லாத. எனக்குங்கூட" என்றார்.

ஸ்டெல்லா உட்கார்ந்தார். விரல் விசைமேல் போகவில்லை, அவரைத் திரும்பிப் பார்த்தார். சந்தானம் ஐயா புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, வெறும் ஆணிகளைப் பார்த்தபடி நின்றார். பெரிய கிளாக்கர் திரும்பி நின்ற பிறகு நாங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நானும் ஜோசப்பும் திரும்பிக்கொண்டோம். ஒற்றைக் கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிச்சாம்மா?"

"இன்னொரு தரம் அடிக்கச் சொல்லுது ஐயா."

"அடி. அவசரமில்ல."

அன்று மாலையே சந்தானம் ஐயாவின் கணக்கிலும் அம்புக்குறியைப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். பட்டன்கள் மட்டும் சோற்றுக் கைக்கு. பிறகு கண்ணில் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். ஓய்வு பெறும்வரை அவரே உட்கார்ந்து அவரே அழுத்தினார். பின்னால் யாராவது நின்றால், "போய் ஒன் வேலயப் பாரு" என்று விரட்டினார் என்று ஜோசப் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவையும் தினேஷ் போனை வைக்காமல் கேட்டார். பிறகு, "சரிண்ணே, அந்த செட்டிங் எல்லாத்தையும் அப்படியே புதுசுலயும் போட்டுர்றேன். இழுக்கிற எல்லையையும் மறக்க மாட்டேன். ஆனா பாஸ்வேர்டுக்கு என்ன செய்ய?" என்றார்.

ஸ்டெல்லாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, அவருக்கு எடுத்தேன். இன்றும் அதே லயத்து வீடு, அதே வேலை. மகள் ஆசிரியை ஆகிவிட்டாள். குரலைக் கேட்டதுமே, "அந்தத் தம்பி உங்ககிட்ட சொல்லிட்டாரா?" என்று சிரித்தார்.

"நல்ல ஆள்மா. நம்பலாம்."

"நல்ல ஆள்தான் அண்ணே, நான் இல்லேங்கல. நாளைக்குக் காலைல பெரட்டுல பேரு கூப்பிட்டு முடிஞ்சி நானே வந்து அடிக்கிறேன்னு சொல்லுங்க. ரெண்டு தரம் அடிக்கணும், கொஞ்சம் நேரமாகும். அது வரைக்கும் அவரு செவுத்தப் பாத்து நிக்கட்டும். பெரிய கிளாக்கர் ஐயாவே நின்னாரு."